மூக்குக்குத் தெரிந்த மழை

ஒக்டோபர் மாதத்தில் ஒரு நாள். பகல் பதினொரு மணியிருக்கும். வானத்தில் பெரிதாக ஒரு முகிலும் இல்லை. முற்றத்தில் ஓலைப்பாய் விரித்து மோர்மிளகாயும் வடகமும் காயப் போட்டிருந்தேன். அடுப்படியில் நின்ற எனக்குத் திடீரென்று ஏதோ மணந்தது. ஓடிப்போய்ப் பாயோடு சுருட்டி உள்ளே கொண்டு வந்தேன்.

எதிர்வீட்டுச் சிங்களப் பெண் வேலிக்கு அப்பால் நின்று சிரித்தாள். "என்ன அக்கே, இந்த வெயிலுக்குள்ளா?" என்று கேட்டாள். நான் மூக்கைத் தொட்டுக் காட்டினேன். அரைமணி நேரம் போகவில்லை, ஹந்தானை மலைப் பக்கமாக இருட்டிக் கொண்டு வந்து கொட்டித் தீர்த்தது. அவளுடைய கொடியில் இருந்த துணியெல்லாம் நனைந்து போயிற்று. அன்றிலிருந்து துணி காயப் போட முன்னர் என்னை ஒரு முறை எட்டிப் பார்ப்பது அவளுக்கு வழக்கமாகி விட்டது.

நான் பேராதனைக்கு வந்தது 2013 இல். பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு இடியப்பமும் மதியச் சாப்பாட்டுப் பார்சலும் கட்டிக் கொடுத்து நானும் மகளும் பிழைக்கிறோம். ஊரில் செய்த வற்றல், வடகம், மிளகாய்த்தூள்தான் என்னுடைய முதல். ஒரு மழை முந்திக்கொண்டால் ஒரு கிழமை உழைப்பு பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் மழையை முன்கூட்டி அறிவது எனக்குப் பொழுதுபோக்கு அல்ல.

நான் பிறந்தது முல்லைத்தீவுக் கரையோரத்தில், வாழ்க்கைப்பட்டது அக்கராயனில். கடலும் தெரியும், வயலும் தெரியும். ஐயா விடியற்காலையில் எழும்பி வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்ப்பார். "சோளகம் விட்டிட்டுது, வாடை பிறக்கப் போகுது" என்பார். வைகாசி தொடங்கி வீசும் சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து காய்ந்த தரையைக் கடந்து வருவதால் அதில் புழுதி மணக்கும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றுத் திரும்பி வடகிழக்கிலிருந்து வாடை வரும்போது ஈரமும் உப்பும் பாசியும் கலந்து மணக்கும். அந்த மணம் வந்தால் வள்ளங்களைக் கரையில் உயர இழுத்து வைப்பார்கள், வயல்காரர் பெரும்போகத்துக்கு விதைநெல்லைப் பார்ப்பார்கள்.

உங்களில் பலருக்கும் இவை தெரிந்திருக்கும். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரில் ஏறும். தும்பி நிலத்தோடு ஒட்டிப் பறக்கும். புற்றிலிருந்து ஈசல் கிளம்பி விளக்கை மொய்க்கும். வேலியில் கார்த்திகைப்பூ மலரும். மாரித்தவளை இரவிரவாகக் கத்தும். உப்புச் சாடி கசியும், கதவு இறுகும். குளக்கட்டுப் பக்கமிருந்து காற்று வந்தால் காய்ந்த சேறு நனையும் மணம் வரும். எங்கோ ஒரு கட்டை தூரத்தில் மழை விழுந்துவிட்டது என்பது அதற்கு அர்த்தம்.

அந்த மணத்தை நான் வெறுத்த ஒரு காலமும் இருந்தது. 2008 நவம்பர் கடைசியில் 'நிஷா' சூறாவளி வந்தபோது நாங்கள் அக்கராயனை விட்டு வந்து தருமபுரத்துக்குப் பக்கத்தில் தறப்பாளின் கீழே இருந்தோம். மகளுக்கு இரண்டு வயது. மழை வரப் போவது எனக்கு முதல் நாளே மணத்தில் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்வது? ஏறி நிற்க ஒரு திட்டி இல்லை, கட்ட இன்னொரு தறப்பாள் இல்லை. பதுங்குகுழிக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மேலே ஷெல் வந்தால் தண்ணீருக்குள் இறங்குவதா, வெளியில் நிற்பதா என்று அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அடுத்த மாரிக்கு அவர் இல்லை. செட்டிகுளம் முகாமில் 2009 ஓகஸ்டில் பருவம் தப்பிப் பெய்த மழையில் கூடாரத்துக்குள் வெள்ளம் வந்தபோது நான் மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு இருந்தேன்.

மண் மணம் என்பது என்ன? மகள் உயர்தர வகுப்புக்குப் படித்த காலத்தில் ஒருநாள் விளங்கப்படுத்தினாள். நான் பாதி நம்பவில்லை, பிறகு இங்கே படிப்பிக்கும் ஒரு பிள்ளையிடம் கேட்டுத் தெளிந்தேன்.

மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் ஸ்ரெப்ரோமைசிஸ் என்ற ஒரு வகை 'ஜியோஸ்மின்' என்னும் பொருளை உண்டாக்குகிறது. கிழங்கு தோண்டும்போதும் பீட்றூட்டை நறுக்கும்போதும் வருகிற மண் மணம் இதுதான். மழைத்துளி காய்ந்த மண்ணில் விழும்போது துளிக்கடியில் சிறு காற்றுக் குமிழிகள் அகப்பட்டு, சோடாத் தண்ணீர் நுரைப்பது போல மேலே வெடித்து, இந்த மணத்தைத் தூவிவிடுகின்றன. 2015 இல் அமெரிக்காவில் மிக வேகமான கமெராவால் இதைப் படம் பிடித்துக் காட்டினார்கள். அங்கே மழை விழ, காற்று அந்த மணத்தைச் சுமந்துகொண்டு மழைக்கு முன்னே இங்கே வந்து சேருகிறது. மனித மூக்குக்கு இந்த ஒரு மணத்தில் அபாரக் கூர்மை. காற்றில் ஒரு இலட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே பிடித்துவிடுமாம். மின்னல் அடிக்கும்போது உண்டாகும் ஓசோன் வாயுவும் கீழிறங்கும் காற்றோடு வரும். இடிமழைக்கு முன் மூக்கில் ஏறுகிற அந்தக் கூர்மையான நெடி அதுதான்.

இந்த மணத்துக்கு விஞ்ஞானத்தில் 'பெற்றிக்கோர்' என்று பெயர். 1964 இல் அந்தப் பெயரை வைத்தவர்கள் அவுஸ்திரேலியாவில் இரண்டு பேர். ஒருவர் றிச்சர்ட் தோமஸ், மற்றவர் இசபெல் ஜோய் பெயர் என்ற பெண் இரசாயன விஞ்ஞானி. கல் என்பதற்கும் தேவர்களின் இரத்தம் என்பதற்குமான கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அந்தப் பெயரை உண்டாக்கினார்கள். ஆனால் பெயர் வைக்க முன்னரே அதைக் குப்பியில் அடைத்தவர்கள் நம் பக்கத்து ஆட்கள். இந்தியாவில் உத்தரப்பிரதேசத்துக் கன்னோஜ் நகரத்தில் சுட்ட களிமண் வில்லைகளைச் செப்புப் பானையில் அவித்து, வரும் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி 'மிட்டி அத்தர்' என்று விற்கிறார்கள். மண்ணின் மணத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று மகள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களிடம் எத்தனை பானை இருந்தது!

பேராதனைக்கு வந்த முதல் வருடம் என்னுடைய கணக்கெல்லாம் பிழைத்துப் போயிற்று. வன்னியில் ஆண்டுக்கு ஒரு மாரிதான். இங்கே வைகாசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்குகிறது. பிறகு ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பருவங்களுக்கும் இடைப்பட்ட மழை. காலையில் வெயில் எறிக்கும், மத்தியானம் முகில் திரளும், மூன்று மணிக்கு இடியோடு கொட்டும். டிசெம்பரில் வடகீழ்ப் பருவமழை வந்தால் இடி இல்லாமல் நாள் முழுக்கத் தூறும். அதோடு மார்கழிக் குளிர். எங்களூர் வாடைக் குளிர் காற்றாக வந்து அடிக்கும். இந்தக் குளிர் அசையாமல் மூடுபனியாக வந்து குந்திக்கொள்ளும். கடல் இல்லை, உப்பு மணம் இல்லை, காற்று மலைகளில் மோதித் திரும்புவதால் எந்தத் திசைக் காற்று என்றே தெரியாது.

எனக்கு இங்கத்தைய மணங்களைச் சொல்லித் தந்தவர், எங்கள் ஒழுங்கைக்கு மேலே தோட்ட லயத்தில் இருந்த ஒரு ஆச்சி. நான்தான் ஆச்சி என்று கூப்பிட்டேன், லயத்தில் எல்லோருக்கும் அவர் அப்பாயி. நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவர். நாங்கள் 'மணக்குது' என்பதை அவர் 'வாசம் வருது' என்பார்.

"என்னா புள்ள, இன்னிக்கி மொளகா காயப் போடாத. மானா வாசம் கீழ எறங்குது பாரு" என்பார். ஹந்தானை மலைச்சரிவில் வளரும் மானாப் புல்லுக்கு எலுமிச்சை போல ஒரு மணம் உண்டு. மேலே மழை தொடங்கிக் குளிர்ந்த காற்று சரிந்து இறங்கினால் அந்த மணம் ஒழுங்கைக்கே வரும். நான் முதலில் மணந்து ஓடியதும் அதைத்தான். எது மணக்கிறது என்று தெரியாமலே ஓடியிருக்கிறேன். பைனஸ் மரங்களின் பிசின் மணம் தூக்கலாக இருந்தால் வெயில் நீடிக்கும். தேயிலைத் தொழிற்சாலையின் கொழுந்து மணம் மேலே போகாமல் ஊருக்குள்ளேயே தங்கி நின்றால் காற்று ஈரம் கட்டிவிட்டது. அடுப்புப் புகைக்கும் அதே கணக்குத்தான். கூரைக்கு மேலே எழும்பாமல் முற்றத்தில் படிந்தால் அன்றைக்கு வடகம் இல்லை.

மகாவலியைப் பார்க்கவும் ஆச்சி சொல்லித் தந்தார். ஆறு தாவரவியல் பூங்காவை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. பேராதனையில் ஒரு துளி விழாத நாளிலும் ஆறு செம்மண் நிறமாக வந்தால் மேலே கம்பளை, கொத்மலைப் பக்கம் பெய்திருக்கிறது. நிறம் மாறுவதற்கு முன்பே சில நாட்களில் பாலத்தடியில் சேற்று மணம் வந்துவிடும்.

காலில் இருக்கும் ஷெல் துண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மழைக்கு முதல் நாள் அது உளையும். என்னைப் போலக் காயத்தோடு இருக்கும் எத்தனையோ பெண்கள் இதையே சொல்லக் கேட்டிருக்கிறேன். காற்றழுத்தம் குறைவதால் என்று சிலர் சொல்கிறார்கள். நோவையும் வானிலையையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளில் சில ஆம் என்கின்றன, சில இல்லை என்கின்றன. என் கால் வெயில் நாளிலும் சிலவேளை உளைவதால், அதை நம்பி நான் பாயைச் சுருட்டுவதில்லை.

2021 இல் கொரோனா எனக்கும் வந்தது. காய்ச்சல் ஐந்து நாளில் விட்டுவிட்டது. மணம் போனது திரும்பவில்லை. கறி அடிப்பிடித்ததை மகள் கத்தித்தான் அறிந்தேன். மாவு புளித்ததா என்று தெரியாமல் ஒரு பானையை முழுதாகக் கொட்டினேன். அந்த ஒக்டோபரில் மூன்று முறை வடகம் நனைந்தது. நட்டத்தை விட வேறொன்றுதான் என்னை வருத்தியது. ஐயா, அவர், ஊர், குளக்கட்டு என்று என்னிடம் படமாகக்கூட எதுவும் மிஞ்சவில்லை. எல்லாப் படங்களையும் மாத்தளனில் விட்டுவிட்டு வந்தேன். மணம் மட்டும்தான் கூட வந்தது. அதுவும் போனால் எனக்கு என்ன இருக்கிறது என்று ஒருநாள் அடுப்படியில் இருந்து அழுதுவிட்டேன்.

ஆச்சி என்னை ஏசவில்லை, தேற்றவுமில்லை. "மூக்கு போனா கண்ணு இருக்குல்ல" என்று சொல்லி, ஒரு வெறும் பால்மா ரின்னைக் கொண்டுவந்து தந்தார். மேலும் கீழும் ஒரே அகலமான ரின். அதை மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வைத்து, காலையில் தண்ணீரை அடிமட்டத்தால் அளந்து ஊற்றிவிட வேண்டும். ஒரு சென்ரிமீற்றர் நின்றால் பத்து மில்லிமீற்றர் மழை. அவருடைய லயத்தில் மண்சரிவுப் பயிற்சிக்கு வந்தவர்கள் காட்டிக் கொடுத்தது அது. மலைச்சரிவுகளில் 24 மணித்தியாலத்துக்குள் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 ஐத் தாண்டினால் புறப்பட ஆயத்தமாக வேண்டும், 150 ஐத் தாண்டினால் வெளியேறிவிட வேண்டும். இது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. நான் ரின் வைக்கத் தொடங்கியது அப்போதுதான். ஆச்சி பீலியைப் பற்றிச் சொன்னதும் அப்போதுதான். லயத்துக்குப் பின்னால் மலை ஊற்றிலிருந்து குழாய் வழியே விழும் தண்ணீரை அவர்கள் பீலி என்பார்கள். "பீலித் தண்ணி கலங்கினாலும் ஓடணும், திடீருனு நின்னுபோனாலும் ஓடணும். மீரியபெத்தயில யாரு புள்ள கேட்டா?" என்றார். கொஸ்லாந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலை லயங்களை மண் மூடியதை அவர் ஒருநாளும் மறந்ததில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை தேங்காய்ப்பூ வறுக்கும்போது மணம் மெல்லத் திரும்பியது. மண் மணம் வர இன்னும் இரண்டு மாதம் எடுத்தது. திரும்பி வந்தபின் நான் ரின்னைக் கவனிப்பது குறைந்துவிட்டது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். மூக்கு இருக்கிறதே என்ற எண்ணம்.

2025 நவம்பர் 27, வியாழக்கிழமை. முதல்நாள் இரவே மழை தொடங்கிவிட்டது. வங்கக் கடலில் தாழமுக்கம் என்று வானொலியில் சொன்னார்கள். பிறகுதான் அதற்கு 'டித்வா' என்று பெயர் வந்தது. அன்று எனக்கு எந்த மணமும் வரவில்லை. மறுபடியும் மூக்குப் போய்விட்டதோ என்று பயந்து மிளகாய்த்தூள் போத்தலைத் திறந்து மணந்து பார்த்தேன், தும்மல் வந்தது. மூக்கில் பிழை இல்லை. காய்ந்த மண்ணில் விழும் முதல் மழைக்குத்தான் அந்த மணம். மண் ஊறி நிரம்பியபின் மழை மணக்காது. மழை வரப் போவதை மூக்கு சொல்லும், எவ்வளவு வரும் என்பதைச் சொல்லாது. அது எனக்கு அன்றுதான் உறைத்தது.

பிற்பகல் மூன்று மணிக்கு ஆச்சி ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். "காலைல ஆறு மணிக்கு வச்ச ரின்னு, பன்னண்டு சென்ரி நிக்கிது" என்றார். நான் என் ரின்னைத் தேடினேன். அது கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போயிருந்தது. மகளின் கைத்தொலைபேசிக்கு ஒரு எச்சரிக்கை வந்திருந்தது, சிங்களத்தில். அவள் இங்கே படித்தவள் என்பதால் வாசித்துச் சொன்னாள். மேலே லயத்தில் அப்படி வாசிக்க ஆள் இல்லாத வீடுகளே அதிகம். மகள் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னாள்.

நான் இன்னும் யோசித்துக்கொண்டு நின்றேன். அடுத்த நாள் பார்சலுக்கு அரிசி ஊறப் போட்டிருந்தேன். இரண்டு மூடை மா, மிளகாய், புதிதாகக் கடனுக்கு வாங்கிய காஸ் அடுப்பு. போர்க்காலத்தில் ஒவ்வொரு இடத்திலும் விட்டுவிட்டு வந்த பொருட்களை நினைத்தேன். இதையும் விட்டுவிட்டா? இடம்பெயர்ந்து வந்தவளுக்கு இன்னொரு முறை வீட்டைப் பூட்டுவது எவ்வளவு பாரம் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஐந்து மணிபோல ஒரு மணம் வந்தது. மழை மணம் அல்ல. கிணறு வெட்டும்போது ஆழத்திலிருந்து வாளியில் வரும் மண் இருக்குமே, அந்தப் பச்சை மணம். அறுந்த வேரின் மணமும் அதில் கலந்திருந்தது. மண்வெட்டி யாரும் பிடிக்காத நேரத்தில் வெட்டின மண் மணந்தது. அதே நேரம் மேலேயிருந்து ஆச்சியின் பேரன் கத்தினான், "பீலி காப்பி மாதிரி வருது!"

காஸ் அடுப்பை விட்டேன். அடையாள அட்டை, மகளின் சான்றிதழ்கள், மருந்து, ரோச் லைட், ஒரு போத்தல் தண்ணீர். லயத்து ஆட்களும் ஒழுங்கை ஆட்களுமாக மலையை ஒட்டின பாதையைத் தவிர்த்து, நீரோடையையும் கடக்காமல், சுற்றிப் போய்ப் பாடசாலைக்குச் சேர்ந்தோம். எதிர்வீட்டுச் சிங்களப் பெண் மாமியாரை முதுகில் சுமந்துகொண்டு வந்தாள். இரவு மின்சாரம் போயிற்று, தொலைபேசியும் போயிற்று. எத்தனை மணிக்கென்று தெரியாது, பெரிய லொறி கல் கொட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. பிள்ளைகள் இடி என்று நினைத்தார்கள். ஆச்சி மட்டும் எழும்பி உட்கார்ந்தார்.

விடிந்து பார்த்தால் லயத்தின் பின்பக்கத்து மூன்று காம்பராக்கள் இல்லை. அவற்றில் ஒன்று ஆச்சியுடையது. உள்ளே யாரும் இருக்கவில்லை. எங்கள் வீட்டுக் குசினிக்குள் முழங்காலளவு சேறு. கீழே மகாவலி கரை தெரியாமல் ஓடியது. கம்பளை வெள்ளத்துக்குள் கிடந்தது. பேராதனைப் புகையிரதப் பாலமும் சேதமாகியிருந்தது. அந்தச் சூறாவளியில் நாடு முழுக்க 600 பேருக்கு மேல் இறந்தார்கள். எல்லா மாவட்டங்களிலும் கூடுதலான உயிர்கள் போனது கண்டியில்தான். எங்களைப் போலவே எச்சரிக்கை கிடைத்தும் கிளம்பாதவர்கள் அவர்களில் இருந்தார்கள், கிடைக்கவே கிடைக்காதவர்களும் இருந்தார்கள். சரிவுகள் சில எந்த அறிகுறியும் காட்டாமல் வந்தன என்றும் கேள்விப்பட்டேன். ஆகவே யாரையும் ஏன் கிளம்பவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நானே இரண்டு மணித்தியாலம் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் நின்றவள்தானே.

மலைப்பக்கம் வந்து குடியிருக்கும் வடக்கு, கிழக்குச் சகோதரிகளுக்கு ஒன்று சொல்வேன். எங்களுக்கு மழையைத் தெரியும், மலையைத் தெரியாது. நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாய்ந்துவரும் மரம் அல்லது மின்கம்பம், இறுகித் திறக்காத கதவு, இல்லாத இடத்தில் ஊற்று, கலங்கின பீலி, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பெட்டி கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. எண் ஞாபகம் இல்லாவிட்டால் கதவில் எழுதி வையுங்கள், நான் கரியால் எழுதியிருக்கிறேன். பக்கத்து வீட்டில் சிங்களம் வாசிக்கத் தெரிந்த பிள்ளை யார் என்பதையும் மாரிக்கு முன்னமே அறிந்து வைத்திருங்கள்.

ஆச்சி இப்போது புசல்லாவையில் மகளோடு இருக்கிறார். இந்த வயதில் மறுபடி ஒரு புது இடம். அங்கே மானாப் புல் குறைவு, காற்றில் என்ன வாசம் என்றே விளங்கவில்லை என்று தொலைபேசியில் குறைப்படுகிறார். நான் இப்போது இரண்டு ரின் வைத்திருக்கிறேன், ஒன்று முற்றத்தில், ஒன்று கூரையில்லாத பழைய கோழிக்கூட்டுப் பக்கம். கோழிக்கு வேறு சட்டி வாங்கிவிட்டேன். மழை நாட்களில் இரவு எட்டு மணிக்கு ஆச்சி எடுப்பார். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகுதான்.

"எத்தன சென்ரி புள்ள?" என்பதுதான் முதல் கேள்வி.